கேட்ட புத்தகம் கிடைத்ததா? கல்லூரி நூலகச் சேவையை அளக்கத் தொடங்குவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நாகர்கோவிலில் இருக்கலாம், மார்த்தாண்டத்தில் இருக்கலாம், தூத்தூர்ப் பக்கம் கடலோரத்திலும் இருக்கலாம். சேர்ந்த சில நாட்களிலேயே இரண்டு கேள்விகள் வந்துவிடும். மொத்தம் எத்தனை புத்தகம்? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? வாங்கிய புத்தகங்களை வரிசை எண்ணோடு பதியும் அக்செஷன் ரெஜிஸ்டரின் கடைசி எண்ணைப் பார்த்து முதல் கேள்விக்கும், வாசலில் கிடக்கும் கையெழுத்து நோட்டைப் பார்த்து இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிடலாம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மாணவி, தேடி வந்த புத்தகத்தோடு திரும்பினாளா, வெறுங்கையோடு திரும்பினாளா என்பது அந்த எண்களில் இருக்காது.

நூலகச் சேவை நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில் அந்த மாணவியிடம்தான் வந்து நிற்கிறது. அதை அளக்கலாம். தனி மென்பொருளோ பெரிய பணமோ வேண்டாம். கொஞ்சம் துண்டுச் சீட்டு, ஒரு நோட்டு, இரண்டு வாரப் பொறுமை, கூட நிற்கும் நூலக உதவியாளரின் ஒத்துழைப்பு, இவ்வளவும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்

எண்களைச் சேர்க்கத் தொடங்கும் முன், இந்த ஆண்டு நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேலும் திறந்து வைக்கலாமா? வணிகவியல் பாடநூல்களில் கூடுதல் பிரதி வாங்கலாமா? யாரும் தொடாத இதழ்ச் சந்தாவை நிறுத்தலாமா? ஒவ்வொரு முடிவுக்கும் எந்த எண் உதவும் என்று பக்கத்தில் குறியுங்கள். இந்த எண் கூடினால் என்ன செய்வேன், குறைந்தால் என்ன செய்வேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த எண்ணைச் சேர்க்கும் வேலையை விட்டுவிடலாம். இதில் கண்டிப்பாக இருங்கள். நூலகத்தில் ஆள் குறைவு. பயன்படாத எண்ணைச் சேர்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மாணவருக்கு உதவியிருக்க வேண்டிய நேரம்.

என்ன அளப்பது என்று தெரியாமல் திகைத்தால் ரங்கநாதனிடம் போகலாம். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளைத் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அவற்றையே அளவுகளாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம் என்பது இரண்டாம் விதி. அப்படியென்றால் தேடி வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. ஒருவர் கையிலும் போகாத புத்தகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. காத்திருக்கும் நேரத்தை அளக்க வேண்டும். இந்த மூன்றோடு ஆரம்பித்தாலே முதல் ஆண்டுக்குப் போதும்.

உலக அளவில் இதற்கு ஒரு தரநிலையும் உண்டு. நூலகச் செயல்திறன் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11620, 1998-இல் முதலில் வந்தது. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. எந்தெந்தச் சொல்லுக்கு என்ன வரையறை, எதை எப்படி எண்ணுவது என்பதற்கு அதோடு ஐ.எஸ்.ஓ. 2789-உம் இருக்கிறது. 11620-இல் உள்ள எல்லாக் குறியீடுகளையும் கணக்கிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் நூலகத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் எண்களை நம்பும் முன்

வாசல் நோட்டிலிருந்து தொடங்குவோம். இடைவேளையில் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள், ஒருத்தி கையெழுத்துப் போடுவாள், மற்ற நாலு பேரும் உள்ளே போய்விடுவார்கள். லைப்ரரி ஹவர் என்று ஒரு வகுப்பையே அழைத்துவந்தால் அன்றைக்கு எண்ணிக்கை எகிறும். செய்தித்தாள் பார்க்க வந்தவரும் ஒரு கையெழுத்துத்தான், மூன்று மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரும் ஒரு கையெழுத்துத்தான். அதனால் பருவத்துக்கு ஒரு வாரம், மணிக்கு ஒருமுறை உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணுங்கள். அதே வாரம் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, உள்ளே வருவோரையும் நோட்டில் விழும் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

மணிவாரித் தலை எண்ணிக்கையில் இன்னொன்றும் தெரியும். நம் மாவட்டத்தில் கல்லூரி விட்டதும் கூட்டம் கரைவதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று சொல்லிவிடுகிறோம். பேச்சிப்பாறைக்கும் குளச்சலுக்கும் போகிற பிள்ளை நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் அந்த ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யோசித்துத்தான் கிளம்புகிறாள். மாலையில் திறந்து வைப்பதைவிடக் காலையில் எட்டரைக்கே திறப்பது அவளுக்கு உதவலாம். சீக்கிரம் வரும் பஸ்ஸில் வந்து வகுப்பு தொடங்கும்வரை வராந்தாவில் நிற்கிற பிள்ளைகளை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது இஷ்யூ கணக்கு, அதாவது வெளியே கொடுத்த புத்தகங்களின் கணக்கு. புதிதாகக் கொடுத்ததையும், அதே புத்தகத்துக்குத் தவணை நீட்டித்த ரினீவலையும் தனித்தனியாக எடுங்கள். புக் பேங்கில் பருவம் முழுக்கக் கொடுக்கும் புத்தகத்தை இதில் கலக்காதீர்கள். மொத்த எண்ணிக்கையைச் சொல்லும்போது ஒரு மாணவருக்கு எவ்வளவு என்று வகுத்தே சொல்லுங்கள். மாணவர் எண்ணிக்கை கூடிய ஆண்டில் இஷ்யூ கூடியது பெருமைக்குரியது அல்ல.

உள்ளேயே எடுத்துப் படித்துவிட்டு வைத்துப்போகும் புத்தகங்கள் இஷ்யூ கணக்கில் வருவதில்லை. ரெஃபரன்ஸ் பகுதியில் பயன்பாடே இல்லை என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். படித்த புத்தகத்தை மேசையிலேயே வையுங்கள், அடுக்க வேண்டாம் என்று பலகை வைத்து, மாலையில் அடுக்கும் முன் எண்ணுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. வெளியே கொடுக்கப்படாத புத்தகத்தை ரிட்டர்ன் செய்தால் அதை உள்பயன்பாடாகப் பதிந்துகொள்ளும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு மேசைப் புத்தகங்களின் பார்கோடைப் படிக்க வைத்தால் போதும்.

அப்புறம், தொடாத புத்தகங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-இல் வாங்கிய புத்தகங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வாங்கி ஆறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்று 1979-இல் வெளியான அறிக்கை சொன்னது. அங்கேயே அப்படியென்றால் நாம் நம் எண்ணைப் பார்க்கப் பயப்பட வேண்டியதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் வாங்கியதில் ஒருமுறையும் போகாதவை எத்தனை என்று மென்பொருளில் அறிக்கை எடுங்கள். புத்தகத்தின் பாடத்தைக் குறிக்கும் வகுப்பெண் வாரியாகப் பிரியுங்கள். 894.811-இல் தமிழிலக்கியம் எப்படிப் போகிறது, 540-இல் வேதியியல் எப்படிப் போகிறது என்று துறைத்தலைவரிடம் காட்டினால், அடுத்த முறை புத்தகப் பட்டியல் தரும்போது அவரே யோசித்துத் தருவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போகாத புத்தகம் என்பதற்காகப் பழையதை எல்லாம் கழித்துவிடக் கூடாது. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த மண். பழைய கல்லூரிகளின் அலமாரிகளில் அந்தக் காலத்து அரசு அறிக்கைகளும், மலையாள நூல்களும், மிஷன் அச்சகங்கள் போட்ட தமிழ் நூல்களும் இருக்கக்கூடும். பத்து ஆண்டுக்கு ஒரு ஆய்வாளர் தேடி வந்தாலும் அவருக்கு அது வேறெங்கும் கிடைக்காது. அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அங்கே அளக்க வேண்டியது காகிதத்தின் நிலையைத்தான். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று ஆண்டில் இருமுறை ஈரம் குடிக்கும் ஊர் இது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அலமாரிக்குப் பத்துப் புத்தகம் உருவிப் பார்த்து, பூஞ்சை, கறையான், தையல் விட்டது என்று குறித்து வந்தால், எந்தச் சுவரோரம் ஆபத்து என்பது இரண்டு ஆண்டில் தெளிவாகிவிடும்.

முக்கியமான அளவு: கிடைத்ததா?

முதல் ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பால் கான்டர் என்ற ஆய்வாளர் 1970-களில் வகுத்துக் கொடுத்த முறை இது. ஒரு புத்தகம் வாசகர் கைக்கு வந்துசேர நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நூலகம் அதை வாங்கியிருக்க வேண்டும். வேறொருவர் எடுத்துப் போயிருக்கக் கூடாது. நூலகத்தின் தவறு இல்லாமல் அது உரிய இடத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, வாசகருக்கு அதைத் தேடி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் எங்கே வேலை செய்வது என்பது தானே தெரியும்.

செய்முறை இது. கால் தாள் அளவில் சீட்டு அச்சிடுங்கள். தமிழில் இருக்கட்டும். "இன்று எந்தப் புத்தகம் தேடி வந்தீர்கள்? கிடைத்ததா? இல்லை என்றால் எங்கே தேடினீர்கள், ஓபேக் என்ற கணினிப் பட்டியலிலா, நேரே அலமாரியிலா, கவுண்டரில் கேட்டீர்களா?" இவ்வளவு போதும். பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். உள்ளே வரும்போதே சீட்டைக் கையில் கொடுத்து, போகும்போது பெட்டியில் போடச் சொல்லுங்கள். வெளியேறும்போது கொடுத்தால் கிடைக்காதவர்கள் அலுப்போடு நடந்துவிடுவார்கள், கிடைத்தவர்களின் சீட்டு மட்டும் சேரும்.

இரண்டு வாரம் நடத்துங்கள். வாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பருவத்தின் நடுவில், உள்தேர்வுக்குக் கொஞ்சம் முன்பு வருமாறு பாருங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறையும் வரும் வாரம், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை வரும் வாரம், மழைக்கு விடுமுறை விடக்கூடிய நாட்கள், இவையெல்லாம் வேண்டாம். அடுத்த ஆண்டும் பருவத்தின் அதே கட்டத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கிடைக்கவில்லை என்று வரும் ஒவ்வொரு சீட்டையும் அன்றைக்கே துப்பறிய வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிலைமை மாறிவிடும். முதலில் அந்தப் புத்தகம் நம்மிடம் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் இஷ்யூவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலமாரிக்கு நடங்கள். உரிய இடத்திலேயே இருந்தால் வாசகருக்குத் தேடத் தெரியவில்லை என்று பொருள். அங்கே இல்லையென்றால் நம் பக்கத்துத் தவறு. இடம் மாறி அடுக்கப்பட்டிருக்கலாம், திரும்பிவந்து வண்டியிலேயே கிடக்கலாம், பைண்டிங் போனது பதியப்படாமல் இருக்கலாம், காணாமலே போயிருக்கலாம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 200 சீட்டு வந்தது. 20 புத்தகம் நம்மிடம் இல்லவே இல்லை. மீதி 180. அதில் 30 வேறொருவர் கையில். மீதி 150. அதில் 18 நம் தவறால் இடத்தில் இல்லை. மீதி 132. அதில் 12 இடத்தில் இருந்தும் வாசகர் கண்ணில் படவில்லை. கடைசியில் கிடைத்தது 120 பேருக்கு, அதாவது 60 விழுக்காடு. ஒவ்வொரு தடையையும் தாண்டிய விகிதத்தைத் தனியே எழுதுங்கள்: 180/200 என்பது 0.90. 150/180 என்பது 0.83. 132/150 என்பது 0.88. 120/132 என்பது 0.91. நான்கையும் பெருக்கினால் 0.60 திரும்ப வரும்.

இந்தப் பெருக்கலில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது. நான்கில் மிகக் குறைந்தது 0.83. வேறொருவர் எடுத்துப்போனதே பெரிய தடை. கூடுதல் பிரதி வாங்கியோ, அதிகம் கேட்கப்படும் புத்தகத்துக்கு மட்டும் இஷ்யூ காலத்தைப் பதினைந்து நாளிலிருந்து ஏழு நாளாகக் குறைத்தோ அதை 0.95 ஆக்கிவிட்டால், மற்றது எதையும் தொடாமலே மொத்தம் 68 விழுக்காடாகிவிடும். முதல்வரிடம் போய் "பிரதி வாங்கப் பணம் வேண்டும் சார்" என்று கேட்பதற்கும், இந்தக் கணக்கை மேசைமேல் வைத்துக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஒவ்வொரு தடைக்கும் மருந்து வேறு. வாங்காத புத்தகங்களின் பட்டியல் அப்படியே அடுத்த கொள்முதல் பட்டியல். வாசகருக்குத் தேடத் தெரியாததற்குப் புத்தகம் வாங்கிப் பயனில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெண்ணை அலமாரி முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அலமாரி முனையில் பெரிய எழுத்தில் தமிழில் பலகை மாட்ட வேண்டும். பள்ளியில் நூலகத்தையே பார்க்காமல் வருகிற பிள்ளைகள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். 330.954 என்று எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தயங்கி நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் தவறு அதில் ஒன்றும் இல்லை.

நம் தவறு என்று வந்த 18-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு அலமாரியில் தொடர்ச்சியாக 100 புத்தகம் எடுத்து, வரிசை சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எத்தனை இடம் மாறியிருக்கிறது என்பதே உங்கள் பிழை விழுக்காடு. வாரம் ஒரு அலமாரி என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். தேர்வு நெருங்கும்போது இது கூடும். கூடுவதற்கு அடுக்குபவரின் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. கணிதத் தடிப் புத்தகம் ஒன்று தத்துவ அலமாரியின் பின்வரிசையில், முதுகு உள்பக்கமாகத் திரும்பி ஒளிந்திருக்கும். நாளைக்கு வந்து எடுக்கலாம் என்று யாரோ மறைத்து வைத்தது. அதைத் திருட்டுத்தனம் என்று திட்டுவதைவிட, அந்தத் தலைப்புக்குப் பிரதி போதவில்லை என்ற செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைத்த புத்தகங்களின் பட்டியலை நோட்டில் எழுதி வைத்தால், எதை வாங்க வேண்டும் என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று கிடையாது.

நேரத்தையும் அளக்க வேண்டும்

வாங்கிய புத்தகம் வாசகர் கைக்குப் போகும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? கட்டுப் பிரித்த நாள், அக்செஷன் எண் போட்ட நாள், அலமாரிக்கு வந்த நாள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். 30 புத்தகத்துக்குச் செய்தால் போதும். நாட்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி வேண்டாம். ஏதோ காரணத்தால் ஆறு மாதம் கிடந்த ஒரு புத்தகம் சராசரியைக் கெடுத்துவிடும், நடுமதிப்பு அப்படி ஆகாது. பின்னறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் புத்தகத்துக்காகப் பிள்ளைகள் கடன் வாங்கி ஜெராக்ஸ் எடுப்பதைப் பார்க்கும்போது மனது கேட்காது. அதனால்தான் இந்த ஒரு எண்ணை மாதாமாதம் பார்க்கச் சொல்கிறேன். திரும்பிவந்த புத்தகம் அலமாரிக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் இதே மாதிரிப் பார்க்கலாம்.

வாசகரிடம் கேட்பது எப்படி

எண்கள் சொல்லாததை வாசகர் சொல்வார். ஆனால் கேட்கும் விதத்தில் கேட்டால்தான். இங்கே கவுண்டரில் நின்றுகொண்டு "நம்ம லைப்ரரி எப்படி இருக்கு மக்களே?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்கிறார்கள். அந்தப் பதிலை விழுக்காடு போட்டு அறிக்கையில் எழுதுவதில் ஒரு பயனும் இல்லை.

1988-இல் பரசுராமன், ஸெய்த்தம்ல், பெர்ரி மூவரும் சேவைத் தரத்தை அளக்க செர்வ்குவால் என்ற 22 கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். வாசகர் எதிர்பார்த்ததற்கும் உணர்ந்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதே அதன் கரு. அதை நூலகத்துக்கு ஏற்ப மாற்றி, வட அமெரிக்காவின் ஆய்வு நூலகங்கள் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 2000 முதல் லிப்குவால் என்ற முறையைக் கொண்டுவந்தன. ஊழியர்கள் நடத்தும் விதம், தகவல் கைக்கு எட்டும் விதம், இடம் என்ற வசதி, இந்த மூன்றின் கீழ் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மூன்று மதிப்பெண் தர வேண்டும்: குறைந்தது இவ்வளவாவது வேண்டும், இவ்வளவு இருந்தால் நன்று, இப்போது இருப்பது இவ்வளவு.

முழுப் பட்டியலையும் நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்தாவது கேள்விக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போடுவார்கள். எட்டுக் கேள்வி போதும், அந்த மூன்று மதிப்பெண்ணை மட்டும் விடாதீர்கள். ஏன் என்று ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். "அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம்" என்பதற்குக் குறைந்தபட்சம் 6, விருப்பம் 8, இப்போது 5 என்று வந்தால், இருப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே. உடனே கவனிக்க வேண்டும். "புதிய புத்தகம் பற்றி வாட்ஸாப்பில் அறிவிப்பு" என்பதற்குக் குறைந்தபட்சம் 3, விருப்பம் 7, இப்போது 5 என்றால் பொறுத்துச் செய்யலாம். இருப்பதற்கு மட்டும் மதிப்பெண் வாங்கியிருந்தால் இரண்டும் 5 தான், வித்தியாசமே தெரிந்திருக்காது.

யாரிடம் கேட்பது என்பதிலும் பலர் ஒரு வழக்கத்தில் விழுந்துவிடுகிறார்கள். நூலகத்துக்கு வந்தவர்களிடமே படிவத்தைக் கொடுக்கிறோம். வராதவர் ஏன் வரவில்லை என்பது அதில் ஒருநாளும் தெரியாது. வகுப்புப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பெயரெடுத்து வகுப்பறையில் கொடுங்கள். 2,000 மாணவர் உள்ள கல்லூரியில் 322 பேரிடமும், 1,000 பேர் உள்ள கல்லூரியில் 278 பேரிடமும் கேட்டால் 95 விழுக்காடு நம்பிக்கையோடு, ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்குள் சொல்லலாம் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அட்டவணை. அவ்வளவு முடியாவிட்டால் துறைக்கு எட்டுப் பேராக உட்காரவைத்துப் பேசுங்கள். பேசுபவர் நூலகராக இருக்க வேண்டாம், பாடம் எடுக்கும் ஆசிரியராகவும் இருக்க வேண்டாம். இரண்டாமாண்டு முதுகலை மாணவி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்து, மலையாளத்தில் விளக்கிச் சொல்ல ஓர் ஆளையும் உடன் வையுங்கள்.

மின்வளங்கள்

காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருந்தால் ஆயிரக்கணக்கான இதழ்களும் அதைவிடப் பல மடங்கு மின்நூல்களும் நம் பிள்ளைகளின் கைபேசிவரை வருகின்றன. அளக்க வேண்டியது மூன்று. எத்தனை பேருக்குப் பயனர் கணக்கு கொடுத்தோம், அதில் எத்தனை பேர் ஒருமுறையாவது உள்ளே நுழைந்தார்கள், எத்தனை முழுக் கட்டுரை எடுக்கப்பட்டது. முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளிதான் பெரும்பாலும் பிரச்சினை. கடவுச்சொல் வந்த மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. ஒரு வகுப்பைக் கூட்டி, எல்லோரையும் அங்கேயே கைபேசியில் நுழையவைத்து, மறுமாதம் எண்ணைப் பாருங்கள்.

பதிப்பகங்கள் தரும் பயன்பாட்டு அறிக்கை, மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான கவுண்ட்டர் (COUNTER) தரநிலைப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தரநிலையில் ஒரே கட்டுரையை முப்பது வினாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். தேடியதும், முழுக் கட்டுரையை எடுத்ததும் தனித்தனியாக இருக்கும். சந்தாத் தொகையை, எடுத்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கு ஆன செலவு வரும். ஒரு தரவுத்தளத்துக்கு 30,000 ரூபாய் கட்டி 600 கட்டுரை எடுத்திருந்தால் ஒன்றுக்கு 50 ரூபாய். 4,000 ரூபாய் சந்தா கட்டும் அச்சு இதழை ஆண்டில் 8 பேர் எடுத்திருந்தால் ஒன்றுக்கு 500 ரூபாய். இதை வைத்து மட்டும் அச்சு இதழை நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பேர் படிக்கும் சிறிய துறைக்கு அந்த ஒரு இதழ்தான் இருக்கிறது என்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாக் குழுவுக்கும் இதே எண்கள்தான்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு நாக். அதன் மதிப்பீட்டின் நான்காவது அளவுகோலில் 4.2 என்ற பிரிவு நூலகத்துக்கானதாக இருந்து வந்திருக்கிறது. தானியங்கி மென்பொருள், மின்வளச் சந்தா, புத்தகத்துக்கும் இதழுக்கும் ஆன ஆண்டுச் செலவு, ஆசிரியரும் மாணவரும் ஒரு நாளைக்கு எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பவை அதில் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆண்டு முழுக்க ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தால் இதற்குத் தனி வேலை ஒன்றும் இல்லை. கடைசி வாரத்தில் நோட்டில் கையெழுத்துகளை நிரப்பும் அவலமும் வராது. அந்த நோட்டை நம்பி யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பதை நிரப்புகிறவர்களும் அறிவார்கள்.

யாரிடம் காட்டுவது

ஒரே பக்கம். மேலே, கிடைத்த விழுக்காடு. அதன் கீழே நான்கு தடைகள். அதற்கும் கீழே, இந்த ஆண்டு செய்யப்போகும் இரண்டு காரியங்களும் அவற்றுக்கு வேண்டிய பணமும். நூலகக் குழுவில் இதை வையுங்கள். கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐக்யூஏசியின் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மூன்றாவது பிரதியை நூலக வாசலில் ஒட்டுங்கள். சீட்டு எழுதிய பிள்ளைகள் பார்க்க வேண்டும். "நீங்கள் கேட்டு இல்லாத 20 தலைப்புகளில் 14 வந்துவிட்டன, இந்த அலமாரியில்" என்று ஒட்டினால் அடுத்த ஆண்டு சீட்டு கேட்கும்போது மறுக்க மாட்டார்கள்.

உதவியாளர்களிடம் இதைச் சொல்லும் முறையும் முக்கியம். பிழை விழுக்காடு கூடியதும் "யார் அடுக்கியது?" என்று ஆரம்பித்தால், அடுத்த மாதத்திலிருந்து உண்மையான எண் வராது. ஒருவரே கவுண்டரும் பார்த்து, அடுக்கவும் செய்து, நோ டியூஸ் சீட்டிலும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பிழை வருவது ஆளின் குறை அல்ல. அடுக்குவதற்கென்று காலையில் ஒரு மணி நேரம் கவுண்டரை மாற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு அதே 100 புத்தகத்தை எண்ணுங்கள்.

முதல் ஆண்டு வந்த எண்ணை எந்தக் கல்லூரியோடும் ஒப்பிட அவசரப்பட வேண்டாம். அவர்கள் சீட்டை எப்படிக் கொடுத்தார்கள், எந்த வாரத்தில் எடுத்தார்கள் என்பது தெரியாமல் ஒப்பிட்டால் இரு தரப்புக்கும் அநியாயம். பக்கத்துக் கல்லூரி நூலகரோடு பேசி, ஒரே சீட்டு, ஒரே வாரம் என்று முடிவு செய்துகொண்டால் இரண்டாம் ஆண்டில் நல்ல ஒப்பீடு கிடைக்கும். அதுவரை ஒப்பீடு உங்கள் நூலகத்தோடு மட்டும் இருக்கட்டும். சீட்டின் வாசகத்தையும் எண்ணிய முறையையும் தேதியோடு ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பழைய சீட்டுகளை அடுத்த அளவீடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். எண் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ, எண்ணிய விதம் மாறியதா, சேவையே மாறியதா என்று சரிபார்க்க அந்தச் சீட்டுகள் வேண்டியிருக்கும்.